டேங்க் கிளீனர் மீன்

டேங்க் கிளீனர் மீன் என்பது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நன்னீர்க் கவசக் கெளுத்தி வகைகளுக்கு அலங்கார மீன் கடைகளில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். சக்கர் மீன் என்றும் இதை அழைப்பர். இப்பெயரில் பெரும்பாலும் விற்கப்படுபவை லோரிகாரிடே குடும்பத்தின் டெரிகோப்ளிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்த மீன்கள். கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்கப்படும் இம்மீன் 40 முதல் 50 செ.மீ. வரை வளரக்கூடியது. தொட்டியில் இடம் போதாதபோது குளத்திலோ கால்வாயிலோ விடப்பட்டு, இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பிலிப்பீன்சு, மெக்சிகோ, அமெரிக்காவின் புளோரிடா எனப் பல இடங்களில் அயல் ஊடுருவல் இனமாகப் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் இது காணப்படுகிறது.

பெயர்

தொட்டியின் கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்பதால் டேங்க் கிளீனர் என்ற பெயர் வந்தது. பிலிப்பீன்சில் இதைத் துப்புரவுப் பணியாளர் மீன் என்ற பொருளிலும், மெக்சிகோவிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பிசாசு மீன் என்ற பொருளிலும் அழைக்கின்றனர். கடையில் வைத்த பெயருக்கும் வலை இழுப்பவர்கள் வைத்த பெயருக்கும் உள்ள இந்த வேறுபாடு, இம்மீன் தொட்டியிலும் நீர்நிலையிலும் எவ்வாறு வெவ்வேறாக அறியப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

குடும்பப் பெயரான லோரிகாரிடே, மார்புக் கவசத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெரிகோப்ளிக்திஸ் என்பது சிறகு, ஆயுதம், மீன் ஆகிய மூன்று கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. முதுகில் பாய்மரம் போல் விரியும் பெரிய துடுப்பையும் உடலை மூடிய கவசத்தையும் இப்பெயர் குறிக்கிறது.

வகைப்பாடு

கெளுத்தி வரிசையில் மிக அதிகமான சிற்றினங்களைக் கொண்ட குடும்பம் லோரிகாரிடே. இதில் ஏறத்தாழ 1000 சிற்றினங்கள் உள்ளன. இவை அனைத்தும் தென் அமெரிக்காவையும் அதை ஒட்டிய நடு அமெரிக்கப் பகுதிகளையும் சேர்ந்தவை. டெரிகோப்ளிக்திஸ் பேரினத்தை அமெரிக்க விலங்கியலாளர் தியோடர் கில் 1858இல் நிறுவினார். அயல்நாடுகளில் அதிகம் பரவிய சிற்றினங்கள் பின்வருமாறு:

• டெரிகோப்ளிக்திஸ் பார்டாலிஸ்: அமேசான் வடிநிலம். வயிற்றில் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும்.
• டெரிகோப்ளிக்திஸ் டிஸ்ஜங்டிவஸ்: அமேசானின் கிளையாறான மதெய்ரா. வயிற்றுப் புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து புழு நெளிந்தது போன்ற கோடுகளாகத் தெரியும்.
• டெரிகோப்ளிக்திஸ் மல்டிரேடியேட்டஸ்: வெனிசுவேலாவின் ஒரினோகோ வடிநிலம்.

முதல் இரண்டும் தம்முள் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன. அதனால் அயல்நாட்டு நீர்நிலைகளில் பிடிபடும் மீன்களின் வயிற்றுக் கோலம் பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கிறது. புள்ளிகளை மட்டும் பார்த்துச் சிற்றினத்தை உறுதி செய்வது கடினம்.

உடலமைப்பு

நம் நாட்டுக் கெளுத்திக்குச் செதில் கிடையாது. தோல் வழவழப்பாக இருக்கும். டேங்க் கிளீனர் மீனுக்கும் செதில் கிடையாது. ஆனால் தலை, முதுகு, பக்கவாட்டுப் பகுதிகளை வரிசை வரிசையான எலும்புத் தகடுகள் மூடியிருக்கும். தகடுகளின் மேல் நுண்ணிய முட்கள் இருப்பதால் தொட்டால் அரம் போல் சொரசொரக்கும். முதுகுத் துடுப்பும் மார்புத் துடுப்பும் உறுதியான முள்ளோடு தொடங்குகின்றன. ஆபத்து வரும்போது இம்மீன் முட்களை விறைத்துப் பிடித்துக்கொள்ளும். வலைக்கண்ணியில் சிக்கினால் எளிதில் எடுக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமான உறிஞ்சுவட்டாக அமைந்துள்ளது. ஓடும் நீரில் பாறையையோ மரக்கட்டையையோ பற்றிக்கொண்டு நிற்கவும், அவற்றின் மேல் படிந்த பாசியைச் சுரண்டவும் இது உதவுகிறது. தாடைகளில் வரிசையாகச் சிறு பற்கள் உள்ளன. தாவர உணவைச் செரிக்க ஏற்றவாறு குடல் உடலின் நீளத்தைவிடப் பல மடங்கு நீண்டு சுருண்டிருக்கும்.

முதுகுத் துடுப்பில் உள்ள கதிர்களை எண்ணி இப்பேரினத்தை அடையாளம் காணலாம். டெரிகோப்ளிக்திஸ் மீன்களில் முள்ளை அடுத்து 9 அல்லது அதற்கு மேற்பட்ட மென்கதிர்கள் இருக்கும். தோற்றத்தில் ஒத்த ஹைப்போஸ்டோமஸ் பேரினத்தில் வழக்கமாக 7 கதிர்களே இருக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி கவசமற்ற, வழுவழுப்பான, நீண்ட மீசைகள் கொண்ட ஊன் உண்ணி. இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டது அந்த மீன்.

காற்றைச் சுவாசித்தல்

டேங்க் கிளீனர் மீன் செவுள்களால் நீரில் கரைந்த உயிர்வளியைப் பெறுகிறது. நீரில் உயிர்வளி குறையும்போது மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும். இரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய இரைப்பைச் சுவரின் வழியாக அக்காற்றிலிருந்து உயிர்வளி உறிஞ்சப்படுகிறது. அதாவது இரைப்பையே நுரையீரல் போலவும் செயல்படுகிறது. இதனால் கழிவுநீர் கலந்த கால்வாய்களிலும், கோடையில் சூடேறிச் சேறாகிய குட்டைகளிலும் இம்மீன் உயிர் வாழ்கிறது. உடல் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இதன் பரவலுக்குக் குளிர் ஒரு தடை. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே நீடித்தால் இறந்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளிக் குளங்களில் இந்தத் தடை கிடையாது. உப்பு இன்னொரு தடை. கடல் நீரில் ஓர் இலிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதில் இம்மீன் வாழாது. ஆனால் 10 கிராம் வரை உப்புள்ள உவர்நீரில் நெடுநாள் வாழ முடியும் என்பது மெக்சிகோவில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. வெள்ள காலத்தில் கழிமுக நீரின் உப்பு குறையும்போது ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குச் செல்லும் வழி இதற்குத் திறக்கக்கூடும்.

உணவு

பாசி, மட்கிய இலைதழை, அடிமண்ணில் படிந்த கரிமப் பொருள்கள், அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள், புழுக்கள் ஆகியவை இதன் உணவு. அடித்தரையில் ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டைகளும் சுரண்டலோடு சேர்ந்து உள்ளே போவதுண்டு.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை ஓரளவே சரி. குஞ்சுப் பருவத்தில் கண்ணாடியில் படியும் பாசியை இது தின்னும். ஆனால் பிற மீன்களின் கழிவை இது தின்பதில்லை. வளர வளரத் தானே மிகுதியான கழிவை வெளியேற்றுவதால் தொட்டி முன்பைவிட விரைவாக அழுக்காகும். பாசி மட்டும் போதாமல் போவதால் தனியாக உணவும் தர வேண்டும். நல்ல பராமரிப்பில் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இரண்டடித் தொட்டியில் இதற்கு ஆயுள் முழுவதும் இடம் இருக்காது.

இனப்பெருக்கம்

ஆண் மீன் நீர்நிலையின் கரையில், நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ, மண்ணைக் குடைந்து வளை அமைக்கிறது. இவ்வளைகள் 1 முதல் 1.5 மீட்டர் நீளம் வரை உள்ளே செல்வதுண்டு. பெண் மீன் அதில் சில நூறு முதல் சில ஆயிரம் முட்டைகள் வரை இடும். முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியேறும் வரை ஆண் மீன் வளையிலேயே இருந்து காவல் காக்கும். காவல் இருப்பதால் முட்டைகள் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. நீர் வற்றும்போது வளையின் ஈரத்துக்குள் பதுங்கி, மீண்டும் நீர் வரும்வரை காத்திருக்கவும் இவ்வளைகள் பயன்படுகின்றன.

தாயகத்தில்

அமேசான் கரையோர மக்களுக்கு இது விரும்பி உண்ணும் மீன். பிரேசிலில் அக்காரி என்றும் பெருவில் கராச்சாமா என்றும் வழங்குகிறது. கவசத்தோடு தணலில் சுட்டு, ஓட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் சதையை உண்பர். சதையை உலர்த்தி வறுத்துப் பிராக்குயி எனும் மீன் மாவும் தயாரிக்கின்றனர். அங்கே முதலைகளும் நீர்நாய்களும் பெரிய இரைகொல்லி மீன்களும் இம்மீனை இரையாக்கிக் கொள்கின்றன. மனிதரும் பிடிக்கின்றனர். பிற கண்டங்களில் இத்தனை கட்டுப்பாடுகளும் ஒருசேர இல்லாததால் இதன் எண்ணிக்கை பெருகுகிறது.

இந்தியாவில் பரவல்

இந்தியாவுக்கு இம்மீன் அலங்கார மீன் வணிகத்தின் வழியாக வந்தது. சென்னையின் கொளத்தூர் பகுதி நாட்டின் முக்கிய அலங்கார மீன் சந்தைகளில் ஒன்று. குஞ்சுகள் மலிவாகக் கிடைப்பதாலும், பெயரே அதன் பயனைச் சொல்வதாலும், புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இதை வாங்குவது வழக்கமாயிற்று. வளர்ப்புப் பண்ணைகளின் குட்டைகள் மழைக்காலத்தில் நிரம்பி வழிவதும், வீட்டில் பெருத்துப்போன மீனை இரக்கப்பட்டு ஏரியில் விடுவதும் இம்மீன் வெளியேறும் இரு முக்கிய வழிகள்.

கேரளத்தில் திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயில் இம்மீன் நிலைகொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தீபகற்ப இந்தியாவின் நீர்வாழ் பல்லுயிர் வளத்துக்கு அலங்கார மீன்களால் ஏற்படக்கூடிய ஆபத்தைப் பற்றி 2010இல் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சா என்ற இந்திய ஆய்விதழ் கட்டுரை வெளியிட்டது. மேற்கு வங்கம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும் இம்மீன் பரவியுள்ளது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள், குளத்து நீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு இம்மீன் அங்கு இருக்கிறதா எனக் கண்டறியும் முறையை உருவாக்கினர். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அவர்கள் ஆராய்ந்த நீர்நிலைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இம்மீன் இருப்பது அம்முறையால் தெரியவந்தது. வலையில் அகப்படும் முன்பே இருப்பதை அறிய முடிவது இம்முறையின் பயன்.

இலங்கையிலும் இதற்கு டேங்க் கிளீனர் என்றே பெயர். மகாவலி ஆற்றின் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் பெருகிய டெரிகோப்ளிக்திஸ் மீன்களைக் குறித்து ஆய்வு நடந்துள்ளது.

குளத்தொடரும் அயல் மீனும்

தமிழ்நாட்டில் ஒரு குளம் பெரும்பாலும் தனிக் குளமாக இருப்பதில்லை. ஆறு, அணைக்கட்டு, கால், குளம், மறுகால், அடுத்த குளம் என்று நீர் ஒரு தொடராகச் செல்கிறது. தாமிரபரணிப் பாசனம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இந்த ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் உள்ளன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால் என இரு கால்வாய்கள் பிரிகின்றன. வடகாலின் நீர் பெருங்குளம், சாயர்புரம் அருகே உள்ள பேய்க்குளம் முதலிய குளங்களை நிரப்பி, தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளம் குளம் வரை செல்கிறது. நெல்லும் வாழையும் இக்குளங்களை நம்பி விளைகின்றன. ஆறு புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது.

இத்தகைய தொடரில் மேலே ஓரிடத்தில் விடப்படும் அயல் மீனுக்குக் கீழே உள்ள குளங்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. மடை திறக்கும்போது குஞ்சுகள் வயல் வாய்க்கால் வரை செல்லும். மறுகால் பாயும்போது அடுத்த குளத்துக்குப் போகும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. குளங்கள் பல உடைந்து, வயலும் ஊரும் ஒரே நீர்ப்பரப்பாயின. அப்படிப்பட்ட நாளில் எந்தக் குளத்து மீனும் எந்தக் குளத்துக்கும் போகலாம். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, வளர்ப்புக் குட்டைகளில் இருந்த அமேசானின் அரப்பைமா மீன்கள் ஆறுகளில் பிடிபட்டது இதற்குச் சான்று.

குளத்துக்குக் கரையே உயிர். மண் கரையில் எலி, நண்டு இவற்றின் வளைகள் கசிவை ஏற்படுத்தும் என்பது பாசனத்தில் பழகியவர்கள் அறிந்தது. ஒன்றரை மீட்டர் நீளம் குடையும் மீன் கூட்டமாகப் பெருகினால் கரைக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் இவ்வளைகளால் கரைகள் அரிக்கப்பட்டுள்ளன.

பாதிப்புகள்

மீன்பிடித் தொழில்: மெக்சிகோவின் இன்பியர்னில்யோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் அந்நாட்டின் பெரிய நன்னீர் மீன்பிடித் தளமாக விளங்கியது. திலாப்பியாவே அங்கு முக்கிய வரவு. டேங்க் கிளீனர் மீன்கள் பெருகிய பின் வலையில் விழுந்தவற்றில் பெரும்பகுதி அவையாகவே இருந்தன. அவற்றின் முட்களால் வலைகள் கிழிந்தன. மீனவர் பலர் வருவாய் இழந்தனர். நம் நாட்டிலும் செவுள் வலையும் வீச்சு வலையும் கொண்டு பிழைப்பவர்களுக்கு இழப்பு இரண்டு வழியில் வருகிறது. விலைபோகும் மீன் குறைகிறது, வலையும் கிழிகிறது.

நாட்டு மீன்கள்: தாமிரபரணி வடிநிலத்தில் மட்டுமே காணப்படும் மீன்கள் உண்டு. அந்த ஆற்றின் பெயரையே தாங்கிய டாக்கின்சியா தாம்பிரபர்ணியை எனும் சிறு கெண்டை அவற்றுள் ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அருகிவரும் இனம். கற்களில் ஒட்டிப் பாசி உண்ணும் கார்ரா பேரின மீன்களும் இந்த ஆற்றில் வாழ்கின்றன. பாசியையும் அடித்தரை உணவையும் பெருமளவில் சுரண்டும் ஓர் அயல் இனம், இத்தகைய சிறு மீன்களோடு உணவுக்குப் போட்டியிடக் கூடியது.

சத்துச் சுழற்சி: கவசத் தகடுகளை வளர்க்க இம்மீனுக்கு மிகுதியான பாசுபரசு தேவை. மெக்சிகோவின் சக்கமாக்சு ஆற்றில் நடந்த ஆய்வில், பெருந்திரளான இம்மீன்கள் ஆற்றின் பாசுபரசைத் தம் உடலில் தேக்கி வைத்துக்கொள்வது கண்டறியப்பட்டது. பாசி வளரத் தேவையான சத்து இதனால் குறைகிறது.

பறவைகளும் விலங்குகளும்: போர்ட்டோ ரிக்கோவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் இம்மீனை விழுங்க முயன்று, முட்கள் தொண்டையில் சிக்கி இறந்துள்ளன. புளோரிடாவின் ஊற்றுகளில் குளிர்காலத்தில் தங்கும் கடற்பசுக்களின் முதுகில் வளர்ந்த பாசியை மேய்ந்து, இம்மீன்கள் அவற்றை அமைதியாக இருக்க விடாமல் தொல்லை தருகின்றன.

சிறிய கவசக் கெளுத்திகள்

கவசக் கெளுத்திகள் அனைத்தும் பெரிதாக வளர்பவை அல்ல. அதே லோரிகாரிடே குடும்பத்தின் ஓட்டோசிங்க்லஸ் மீன்கள் பெரும்பாலும் 5 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. ஆன்சிஸ்ட்ரஸ் மீன்களில் வீட்டில் வளர்ப்பவை 12 முதல் 15 செ.மீ. வரை வளரும், ஆண் மீனின் மூக்கில் கிளைத்த மென்முட்கள் காணப்படும். கோரிடோராஸ் மீன்கள் காலிக்திடே எனும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பக்கவாட்டில் இரண்டு வரிசைத் தகடுகள் மட்டுமே இருக்கும். அடித்தரையில் கூட்டமாக இரை தேடும். வீட்டுத் தொட்டியின் அளவுக்குப் பொருந்துபவை இவையே. ஆயினும் சிறிய மீன் என்பதற்காக இவற்றையும் நீர்நிலையில் விடுவது முறையன்று.

தடுப்பும் கட்டுப்பாடும்

ஒரு குளத்தொடரில் நிலைகொண்ட பின் இம்மீனை முற்றிலும் நீக்குவது மிகக் கடினம். எனவே நுழையாமல் தடுப்பதே முதன்மையான வழி.

• வாங்கும் முன்: அந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதைக் கேட்டறிய வேண்டும். பாசியை நீக்க மட்டும் என்றால், கண்ணாடியைத் துடைப்பதும், விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதும், உணவை அளவோடு இடுவதும் போதும்.
• வளர்ந்த பின்: வைத்திருக்க முடியாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம்; பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படைக்கலாம். குளம், கிணறு, கால்வாய், கோயில் தெப்பம் எதிலும் விடக் கூடாது. உயிரைக் காப்பாற்றுவதாக எண்ணி விடப்படும் ஒரு மீன் அந்நீரில் உள்ள பல உயிர்களுக்குக் கேடாகலாம்.
• பண்ணைகளில்: மழைநீர் வழிந்தோடும் வழிகளில் நெருக்கமான வலை அமைக்க வேண்டும். ஏரிக்கும் ஓடைக்கும் அருகில் திறந்த குட்டைகளில் இம்மீனை வளர்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.
• வலையில் அகப்பட்டால்: மீண்டும் நீரில் எறியக் கூடாது. கரையில் போட்டுவிட்டுப் போவதும் போதாது. நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும் மீன் இது. இறந்ததை உறுதி செய்து, நீரைவிட்டுத் தள்ளிப் புதைக்க வேண்டும். கையாளும்போது மார்புத் துடுப்பு முட்கள் கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• கோடையில்: குளம் வற்றித் தூர்வாரும் காலம், இம்மீனைக் கண்டறிய ஏற்ற நேரம். கரையின் உட்புறத்தில் தென்படும் வளைகளைத் தோண்டிப் பார்த்து, மீன்களை அகற்றி, மண்ணிட்டு இறுக்கினால் குளத்தின் கரையும் உறுதிப்படும்.
• தகவல்: புதிதாக ஒரு குளத்தில் இம்மீன் கிடைத்தால், முதுகு, பக்கம், வயிறு மூன்றும் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து, இடமும் நாளும் குறித்து மீன்வளத்துறைக்குத் தெரிவிக்கலாம். தொடக்கத்திலேயே அறிந்தால், கீழ்க்குளங்களுக்குச் செல்லும் முன் அந்த ஒரு குளத்தோடு தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.